கூலியும் ஊக்கமும்

சில ஆண்டுகளுக்கு முன் அண்ணாமலை நகரிலிருந்து தபாலில் ஒரு புத்தகக் கட்டு எங்கள் வீட்டிற்கு வந்து சேர்ந்தது. என் தமக்கை மகன் பகலில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுபவன். இரவில் நிர்வாகவியல் பயில விரும்பி, அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் தொலைதூரக் கல்வியில் பெயர் பதிந்திருந்தான். 1929-ஆம் ஆண்டில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரால் சிதம்பரத்தை அடுத்து நிறுவப்பெற்ற அக்கல்விக் கழகம், 1979 முதல் தொலைதூரக் கல்வியையும் நடத்தத் தொடங்கியது. கல்லூரி வாசலை மிதிக்க இயலாத குமாஸ்தாக்களும், ஆலைத் தொழிலாளரும், சங்கச் சிப்பந்திகளும் அதனால் வீட்டிலிருந்தே பட்டம் பெற்றனர். எங்கள் வீட்டிற்கு வந்த கட்டில் ஒரு நூல், “தொழிலாளி ஊக்கத்துடன் உழைப்பது எதனால்?” என்னும் கேள்வி ஒன்றையே முந்நூறு பக்கம் ஆராய்ந்தது. தறிக்குழியில் கால் வைத்து நாற்பது ஆண்டுகள் கழித்த எனக்கு, என்னைப் பற்றிப் படித்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அறியும் ஆவல் எழுந்தது. பையனைப் பக்கத்தில் அமர்த்திப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

முதலில் வந்தவர் மாஸ்லோ என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர். 1943-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் மனிதனின் தேவைகளை ஐந்து படிகளாக வகுத்தார். உணவும் உறக்கமும் முதற்படி; அச்சமற்ற வாழ்வு இரண்டாவது; அன்பும் உறவும் மூன்றாவது; பிறர் மதிப்பு நான்காவது; தன் ஆற்றல் முழுவதும் மலரக் காண்பது ஐந்தாவது. கீழ்ப்படி ஓரளவு நிறைந்த பின்னரே மேற்படியின் மீது மனம் செல்லும் என்பது அவர் கருத்து. பாடநூலில் இதைக் கூர்ங்கோபுரமாக வரைந்து காட்டியிருந்தார்கள். சிதம்பரத்தில் நான்கு கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது எளிதில் மனத்திற் பதியும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கோபுரத்தை மாஸ்லோ வரையவில்லை என்றும், அவருக்குப் பின் நிர்வாகவியல் கற்பித்தோர் வரைந்தது என்றும் ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியுள்ளனர்.

அடுத்தவர் ஹெர்ஸ்பெர்க். பிட்ஸ்பர்க் நகரைச் சார்ந்த ஏறக்குறைய 200 பொறியாளரையும் கணக்காளரையும் நேரிற் கண்டு வினவி, 1959-இல் அவரும் துணைவரும் ஒரு நூல் எழுதினர். கூலி, வேலையிடத்தின் வசதி, மேற்பார்வையாளரின் நடத்தை ஆகியவை குறைந்தால் மனம் கசக்கும். நிறைந்தாலோ கசப்பு நீங்குமேயன்றி ஊக்கம் பிறவாது. ஊக்கம் பிறப்பது செய்த வேலையின் நிறைவாலும், பாராட்டாலும், பொறுப்பாலும், வேலையின் தன்மையாலுமே என்றார் அவர். கேட்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆயினும் பொறியாளரும் கணக்காளரும் மாதச் சம்பளக்காரர்கள். நம் நாட்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20) கூறுவதைப் பாருங்கள்: நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கின் மாத வருவாய் 5,000 ரூபாய்க்கும் கீழ். இவர்களிடம் சென்று, “கூலியால் ஊக்கம் பிறவாது” என்று எந்தக் காரியதரிசியாவது உபதேசிப்பாராயின், அவர் ஹெர்ஸ்பெர்க்கைப் படித்தவராக இருக்கலாம். அங்கத்தினரைப் படித்தவர் அல்லர்.

தொழிலாளி இயல்பாகவே சோம்பேறி என்று நம்பும் முதலாளி ஒருவிதமாகவும், பொறுப்பை விரும்புபவன் என்று நம்பும் முதலாளி வேறுவிதமாகவும் வேலை வாங்குவர் என்று 1960-இல் மக்கிரகர் எழுதியதையும் பையன் படித்தான். அது நம் பாட்டிமார்க்கும் தெரிந்ததே. விரைவாகத் தாண்டச் சொன்னேன்.

என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது ஹாத்தார்ன் தொழிற்சாலைக் கதை. சிகாகோ நகரை அடுத்து, தொலைபேசிக் கருவிகள் செய்துவந்த பெருந்தொழிற்சாலை அது. 1924 முதல் 1932 வரை அங்குப் பல சோதனைகள் நடந்தன. விளக்கொளியைக் கூட்டியபோது உற்பத்தி கூடியது. கூட்டாத இடத்திலும் கூடியது. தம்மைச் சிலர் கவனிக்கின்றனர், மதித்து விசாரிக்கின்றனர் என்பதே காரணம் என்று பாடநூல்கள் பல காலம் கூறிவந்தன. பின்வந்தோர் அந்த முடிவை ஐயுற்று மறுபடி கணக்குப் பார்த்துள்ளனர், அது கிடக்கட்டும். அதே ஆலையில் 1931-32-இல் கம்பி இணைக்கும் அறையொன்றில் 14 ஆடவரைக் கூர்ந்து கவனித்தார்கள். அதிகம் செய்தால் அதிகக் கூலி என்ற ஏற்பாடு இருந்தும், “ஒரு நாளைக்கு இவ்வளவே நியாயம்” என்று அவர்கள் தமக்குள் ஒரு வரம்பு வகுத்துக்கொண்டிருந்தனர். வரம்பு மீறி விரைந்து செய்பவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் தோளில் ஒரு குத்து விடுவான். இன்று கூடுதலாகச் செய்து காட்டினால் நாளை கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவர் என்ற அச்சமே அதற்குக் காரணம் என அறிஞர்கள் எழுதினர்.

இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். பையன் காரணம் கேட்டான். “இதற்குச் சிகாகோவுக்கா போகவேண்டும்? உன் தாத்தா காலத்தில் இருந்தே நம் தெருவில் உள்ளதுதானே!” என்றேன். பெரிய வியாபாரியிடம் கூலிக்கு நெய்த நாட்களில், ஒருவன் வாரத்தில் ஒரு சேலை கூட்டி இறக்கினால், “இந்த ரகம் இத்தனை எளிதா?” என்று அடுத்த பாவிற்கே கூலியில் கை வைத்தவர்கள் உண்டு. ஆகையால் கை ஓடினாலும் ஓட விடாமல் பிடித்துக்கொள்வது நெசவாளியின் தற்காப்பு ஆயிற்று. சோம்பல் என்று வெளியில் தோன்றும் பலவற்றின் உள்ளே இத்தகைய கணக்கு ஒன்று மறைந்திருக்கும்.

எனினும் ஒரு குறை எனக்கிருந்தது. பொறியாளர், கணக்காளர், தொலைபேசித் தொழிலாளர் எல்லாரும் வருகிறார்கள், நெசவாளி எங்கே? பையன் பக்கங்களைப் புரட்டினான். ஓரிடத்தில் நான்கே வரிகளில் ஆமதாபாத் என்ற பெயர் கிடைத்தது. அந்த நான்கு வரியின் பின்னே இருந்த முழு வரலாற்றையும் பிறகு நூலகத்தின் வழியாகத் தேடிப் படித்தோம். அதைச் சற்று விரிவாகக் கூறவே இக்கட்டுரை எழுந்தது.

ஆமதாபாத் காலிகோ ஆலையைச் சேர்ந்த ஜூபிலி மில்லில், 1952-ஆம் ஆண்டில் தானியங்கித் தறிகள் நிறுவப்பெற்றன. ஊடை தீர்ந்தவுடன் நாடாவிலுள்ள தாரைத் தானே மாற்றிக்கொள்ளும் தறிகள் அவை. ஒரே கூடத்தில் 224 தறிகள்; அவற்றைக் கவனிக்க ஒரு முறைக்கு 29 பேர். ஒவ்வொரு வேலையையும் அளந்து, பிரித்து, பன்னிரண்டு வகையாக்கி, இன்னாருக்கு இன்ன வேலை என்று வகுத்திருந்தார்கள். எட்டு நெசவாளர், ஒவ்வொருவருக்கும் 24 அல்லது 32 தறி, தார் நிரப்புவோர் ஐவர், பாவு மொத்தமாக அறுந்தால் சீர்செய்வோர் மூவர், புதிய பாவு ஏற்றுவோர் இருவர், எண்ணெய் விடுபவர் ஒருவர், பெருக்குபவர் ஒருவர், இன்னும் இவ்வாறே. கணக்கில் யாதொரு பிழையும் இல்லை. புதிய எந்திரம், பயிற்சி பெற்ற ஆட்கள், தக்க கூலி. இருந்தும் உற்பத்தி எதிர்பார்த்த அளவு எட்டவில்லை. துணியில் பழுதும் குறையவில்லை.

லண்டனிலுள்ள டாவிஸ்டாக் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பவரை ஆலையார் ஆலோசனைக்கு அழைத்திருந்தனர். அவர் 1953-இல் அக்கூடத்தில் நின்று பார்த்துச் சொன்ன ஒரு கணக்கு வேடிக்கையானது, வருந்தத்தக்கதும் ஆகும். அந்த ஏற்பாட்டின்படி, ஒரு நெசவாளிக்குத் துணையாகக் கிடைத்தது தார் நிரப்புபவரில் எட்டில் ஐந்து பங்கு, அறுந்த பாவு சீர்செய்பவரில் எட்டில் மூன்று பங்கு, பாவு ஏற்றுபவரில் கால் பங்கு! நூல் அறுந்து நெசவாளி கூப்பிடும்போது சீர்செய்பவர் வேறொருவரின் தறியருகே நிற்பார். அவர் யாருடைய ஆள் என்பது அவருக்கே தெரியாது. நெசவாளிக்குத் தன் தறி நின்றதென்ற கவலை. சீர்செய்பவருக்கோ எல்லாத் தறியும் ஒன்றே. இருபத்தொன்பது பேர் ஒரே கூரையின்கீழ் வேலை செய்தனர். ஆனால் ஒரு குழுவாக வேலை செய்யவில்லை.

ரைஸ் முன்வைத்த யோசனை எளியது. ஒரு சிறு குழு, ஒரு தொகுதித் தறிகள். அத்தொகுதியின் வேலை முழுவதும் அக்குழுவின் பொறுப்பு. அறுபத்துநான்கு தறிகளுக்கு ஏழு பேர். அவர்களுள் ஒருவர் தலைவர். யார் தார் நிரப்புவது, யார் பாவு ஏற்றுவது என்பதை அவர்களே தம்முள் பார்த்துக்கொள்வர். ஒருவரின் வேலையை மற்றவரும் கற்றுக்கொள்வர். கூலி ஏற்றத்தாழ்வின் படிகளையும் குறைத்தனர். இந்த யோசனை மேற்பார்வையாளர் வழியாகத் தொழிலாளர் காதில் விழுந்ததும் நிகழ்ந்ததுதான் வியப்பு. ஆலையார் திட்டம் தீட்டி முடிக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. இன்னார் இன்னாரோடு சேர்வதென்று தாமே பேசி முடிவு செய்து, குழுக்களின் பெயர்ப் பட்டியலைத் தாமே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

விளைவை எண்ணாகவே தருகிறேன். இடைவிடாது ஓடினால் நூறு ஊடை விழவேண்டிய இடத்தில் முன்பு ஏறக்குறைய 80 விழுந்தது. குழு முறை நிலைபெற்ற பின் 95 விழுந்தது. பழுதுபட்ட துணி நூற்றுக்கு 32 இருந்தது 20 ஆயிற்று. எந்திரம் அதே எந்திரம். ஆட்களும் அதே ஆட்கள். ரைஸ் இதனை 1958-இல் ஒரு நூலாக வெளியிட்டார். உலகத்தின் நிர்வாகவியல் வகுப்புகளில் எல்லாம் அது இன்றும் பேசப்படுகிறது. நம் நாட்டு நெசவாளர் உலகிற்குக் கற்பித்த பாடம் நமக்கு நான்கு வரியில் வருகிறதே என்பது என் மனக்குறை.

இந்த இடத்தில் கூலியை மறந்துவிடலாகாது. ஆமதாபாத் தொழிலாளர் அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1918-இல், கூலி உயர்வுக்காகக் காந்தியடிகளின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்து, நூற்றுக்கு 35 உயர்வு என்ற தம் கோரிக்கையை மத்தியஸ்தர் தீர்ப்பால் பெற்றவர்கள். 1920 முதல் அவர்களுக்கு வலுவான சங்கம் இருந்தது. பேசி வாங்கிய கூலியின் மீது நின்றுகொண்டுதான் அவர்கள் பொறுப்பையும் ஏற்றனர். முன்னது இல்லாமல் பின்னதை மட்டும் தருவது, பாவு இல்லாமல் ஊடை போடுவதாகும்.

இனி நம் சங்கதிக்கு வருவோம். குறிஞ்சிப்பாடி, புவனகிரி பக்கத்துக் கைத்தறியாளரை நோக்கின், ஆமதாபாத்தில் பிரிந்து கிடந்த வேலை நம்மிடம் முன்னமே ஒன்றாக இருக்கக் காணலாம். கணவன் நெய்தால் மனைவி தார் சுற்றுவாள். மாமியார் நூல் இழைப்பாள். பாவு ஓட்ட அண்டை வீட்டார் கைகொடுப்பர். அப்படியிருந்தும் பிள்ளைகள் ஏன் தறியை விட்டு ஓடுகின்றனர்? ஹெர்ஸ்பெர்க் விரும்பிய வேலையின் நிறைவு நம்மிடம் உண்டு. ரைஸ் விரும்பிய குழுவும் உண்டு. எது இல்லை?

கூலி இல்லை என்பதை மேலே கண்டோம். அதற்கு அப்பாலும் ஒன்று இல்லை என்பதை எங்கள் சங்கத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தால் அறிந்தேன். ஊரையும் சங்கத்தையும் பெயர் சொல்லாது கூறுகிறேன். ஊக்கத்தைப் பற்றி எங்கோ பயிற்சி பெற்று வந்த காரியதரிசி ஒருவர், சங்க வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டினார். வாரந்தோறும் யார் எத்தனை உருப்படி இறக்கினர் என்று அதில் எழுதப்பெறும். முதலில் நிற்பவருக்குப் பொங்கலன்று ஒரு சில்வர் குடம். முதல் மாதம் எல்லாரும் பலகையின் முன் கூடினர். இரண்டாம் மாதம் முணுமுணுப்புத் தொடங்கியது. கரையில் வேலைப்பாடு மிகுந்த ரகம் நெய்பவர்கள் கடைசியில் நின்றனர்; சாதா ரகம் நெய்பவர்கள் முதலில் நின்றனர். நூல் முதலில் கிடைத்தவர் முந்தினார். பத்து நாள் கழித்துக் கிடைத்தவர் பிந்தினார். ஒற்றைத் தறி வைத்திருந்த ஒரு விதவையின் பெயர் ஒவ்வொரு வாரமும் அடியில் வந்தது. அவர் சங்கத்திற்கு வருவதையே குறைத்துக்கொண்டார்.

அந்த ஆண்டு மகாசபையில், யாரும் எதிர்பாராத வண்ணம் அந்த அம்மையாரே எழுந்து கேட்டார்: “நாங்க எறக்குனத எழுதிப் போடுறீங்களே ஐயா, சங்கம் எங்களுக்கு நூலு குடுத்த தேதியையும் பக்கத்துல எழுதக் கூடாதா?” சபை ஒரு கணம் அமைதியாயிற்று. பிறகு கை தட்டியது. காரியதரிசி நல்லவர், முகம் சிவந்தாலும் மறுக்கவில்லை. குடம் யாருக்கும் போகவில்லை. அது இன்றும் சங்க அலுவலகத்தில் குடிதண்ணீர் வைக்கப் பயன்படுகிறது. பலகையில் மட்டும் மாறுதல் ஏற்பட்டது. நூல் வந்த நாள், அங்கத்தினருக்கு அளந்த நாள், கூலி பட்டுவாடா ஆகும் நாள், கொள்முதலாளரிடமிருந்து வரவேண்டிய பாக்கி ஆகியவை எழுதப்பெற்றன. உற்பத்தி இரட்டித்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நூல் தாமதம் சில மாதங்களில் முன்போலவே இருந்தது. ஆனால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு காத்திருப்பதும், தெரியாமல் காத்திருப்பதும் ஒன்றல்ல. தெரிந்தவர் இடையில் வேறு வேலை பார்த்து வந்தார். தெரியாதவர் திண்ணையில் உட்கார்ந்து மனம் வெறுத்தார்.

ஆமதாபாத் தறிக்கு நின்ற நேரம் நிமிஷக் கணக்கு. நம் தறிக்கு அது நாட்கணக்கு. தறிக்குள் வேலை முழுமையாக இருக்கிறது. தறிக்கும் சங்கத்திற்கும் நடுவேதான் அது எட்டில் ஐந்தாகவும் எட்டில் மூன்றாகவும் சிதறிக் கிடக்கிறது.

பயிர்செய்யும் அங்கத்தினர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. 1964-இல் வ்ரூம் என்ற அறிஞர் எழுதியது இது: உழைத்தால் விளைவு வரும், விளைவு வந்தால் பலன் கைக்கு வரும், அப்பலன் தனக்கு வேண்டியதாகவும் இருக்கும் என்ற மூன்று நம்பிக்கையும் சேர்ந்தாலன்றி மனிதன் முயலமாட்டான். குஜராத்தில் 1946-இல் ஆனந்தில் தொடங்கிய கெயிரா ஜில்லா பால் உற்பத்தியாளர் சங்கம், வ்ரூம் எழுதுமுன்னரே அதைச் செய்து காட்டியது. பாலை ஊற்றுபவரின் கண்முன்னே அளந்து, கொழுப்புச் சத்தைச் சோதித்து, காலைப் பாலுக்கு மாலையிலும் மாலைப் பாலுக்கு மறுநாட் காலையிலும் காசு கொடுக்கும் வழக்கத்தை அங்குள்ள கிராமச் சங்கங்கள் கைக்கொண்டன. ஓர் எருமை உள்ளவருக்கும் பத்து எருமை உள்ளவருக்கும் ஒரே அளவை, ஒரே காத்திருப்பு. வீராணம் பாசனத்தில் நெல் விளைவித்து, கொள்முதலுக்காகக் களத்தில் கொட்டிவிட்டு வானத்தை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்திருக்கும் உழவருக்கு, அந்த ஏற்பாட்டின் அருமை எடுத்துச் சொல்லாமலே விளங்கும்.

ஆமதாபாத்தை நான் புகழ்வதைக் கேட்டுவிட்டுப் பையன் ஒரு கேள்வி கேட்டான்: “மாமா, அந்தக் குழுமுறை இன்னும் நடக்கிறதா?” நியாயமான கேள்வி. ரைஸின் துணைவராக இருந்த எரிக் மில்லர் 1970-இல் அதே ஆலைக்கு மீண்டும் சென்று பார்த்தார். ஒரு கூடத்தில் குழுமுறை பெரும்பாலும் அப்படியே நிலைத்திருந்தது. மற்றவற்றில், பெயர் இருந்தும் பழைய முறை திரும்பியிருந்தது. துணி ரகம் அடிக்கடி மாறியது, நெருக்கடி வந்தது, நெருக்கடியில் மேற்பார்வையாளர் குழுவைக் கேளாமல் தாமே உள்ளே புகுந்து ஆளை இங்கும் அங்கும் மாற்றினர். ஒருமுறை அவ்வாறு நிகழ்ந்ததும், “இது நம்முடையது” என்ற எண்ணம் கலைந்துவிட்டது. காலிகோ ஆலையோ அதற்குப் பின் நலிந்து மூடப்பட்டது. ஆலை மூடியதற்கும் குழுமுறைக்கும் முடிச்சுப் போடுவது தவறு. ஆமதாபாத்தின் பெரிய ஆலைகள் பலவும் அக்காலத்தில் மூடுண்டன.

மில்லரின் குறிப்பில் நமக்கு வேண்டியது ஒன்றுண்டு. பொறுப்பைக் கொடுப்பது எளிது. நெருக்கடி நேரத்தில் அதைத் திரும்பப் பறிக்காதிருப்பதுதான் கடினம். நம் சங்கங்களில் அங்கத்தினரே உடைமையாளர் என்று விதி கூறுகிறது. ஓராண்டில் ஒரு நாள், மகாசபையன்று, அது உண்மையும் ஆகிறது. மறுநாள் முதல் அவர் நூலுக்காகவும் கூலிக்காகவும் ஜன்னலருகே நிற்பவர். எந்த ரகம் நெய்வது, எந்த ரகம் தேங்கிக் கிடக்கிறது, ஏன் தேங்கியது என்பவற்றை அவரிடம் யார் கேட்கிறார்கள்? காலிகோ ஆலைத் தொழிலாளிக்கு ஆலையில் ஒரு பங்குகூட இல்லை. அவரைக் கேட்டார்கள், பட்டியல் போட்டுக் கொடுத்தார். நாம் பங்குப் பணம் கட்டியவர்கள்.

மற்றொன்றையும் எழுதாதிருக்க மனம் இடந்தரவில்லை. ரைஸின் குழுவில் தார் நிரப்பியவருக்கும் பெயர் இருந்தது; கூலியும் இருந்தது. நம் வீடுகளில் தார் சுற்றுபவளின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? மேற்கூறிய கணக்கெடுப்பின்படி நாட்டின் கைத்தறித் தொழிலாளருள் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் பெண்டிர். என் மனைவி முப்பத்தைந்து ஆண்டுகள் எனக்குத் தார் சுற்றினாள். சங்கத்தின் பாஸ் புத்தகத்தில் என் பெயர் மட்டுமே உள்ளது. ஊக்கத்தைப் பற்றி இவ்வளவும் படித்துக் காட்டியபோது அவள் இராட்டினத்தை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். “அந்த அமெரிக்காக்காரங்க தார் சுத்துறவங்களப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்காங்களா?” என்று மட்டும் கேட்டாள். பையன் நூலின் பின்புறத்து அகராதிப் பட்டியலைப் பார்த்து, இல்லை என்றான்.

பெண்டிரைத் தனி அங்கத்தினராகச் சேர்ப்பது பற்றியும், தார் சுற்றும் கூலியைச் சேலைக் கூலியிலிருந்து பிரித்து அவர்கள் பெயரிலேயே எழுதுவது பற்றியும், வரும் மகாசபைக்கு நான் ஒரு தீர்மானம் அனுப்பியிருக்கிறேன். நிர்வாகக் குழு அதை நிகழ்ச்சி நிரலில் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்துள்ளது. முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய அந்த ஒற்றைத் தறி அம்மையார் ஒப்புக்கொண்டிருக்கிறார்.